பூசணிக்காய் உரமும் மலரின் காலும்

மலர் கையில் இருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டுவிட்டு, வலது காலைத் தூக்கி இடது முழங்காலுக்கு மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நின்றபடி பாதத்தில் இருந்த சேற்றை வழித்தாள். சேறு போன இடத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரத்தம் வந்தது.

"இன்னாடி மலரு, கழனிக்கு நடுவுல கொக்கு வேஷம் கட்டுற?" என்று பக்கத்து வரிசையில் இருந்து ஒருத்தி கத்தினாள்.

"மீனு கெடைக்குதான்னு பாக்குறேன். நீ கைய நிறுத்தாம நடு."

இரண்டு நகங்களுக்கு இடையில் பிடித்து எதையோ உருவினாள். கழனித் தண்ணீரிலேயே அலசினாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நான் வரப்பில் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ண்ணா, இங்க வா."

வரப்போரம் போய்க் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்தாள். "தூரமா போடு. இன்னொருத்தி கால்ல ஏறப் போவுது."

கண்ணாடி. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் சீப்பின் பல் போல வரிவரியாக மேடும் பள்ளமும். அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பழைய லாரியின் முன்விளக்குக் கண்ணாடி. தளவானூர்க் கழனியில் லாரி விளக்கு உடைவதற்கு வழியில்லை. அது எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

தூரமாகப் போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மலர் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்துப் பாதத்தில் சுற்றி முடி போட்டுக்கொண்டு, அவள் மறுபடியும் சேற்றில் இறங்கினாள்.

லாரி கிளீனரின் படிப்பு

இந்தத் தொடரில் போன வாரம், சூரத்தில் துணி ஆலையை விட்டு ரயிலேறியதைச் சொல்லி முடித்திருந்தேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் பாதிப் பரீட்சை எழுதினேன். மீதிப் பரீட்சைக்கு நான் லாரியில் இருந்தேன். இரண்டு வருடம் கிளீனர். எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை விளக்கு துடைப்பது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்த வரிவரியான கண்ணாடியை ஒவ்வொரு காலையிலும் துடைப்பேன். பூச்சிகள் ஒட்டிக் காய்ந்து போயிருக்கும். நகத்தால் சுரண்டுவேன். வரியின் பள்ளத்தில் அழுக்கு நின்றால் டிரைவர் மண்டையில் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை. அந்த வரிகள் மட்டும் விரலில் இருக்கின்றன.

சூரத்துக்குப் பிறகு பெங்களூர். அடுக்குமாடி வீடுகளின் குப்பையைப் பிரிக்கும் வேலை. அங்கே ஒரு கொட்டகையில் காய்கறித் தோலையும் இலையையும் உரமாக்கினார்கள். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தாங்காது. அழுகி நாறிக்கொண்டிருந்தது ஐம்பது அறுபது நாளில் மழை பெய்த மண் வாசனைக்கு மாறிவிடும். என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த வேலையும் இப்படிச் சொன்னபடி நடந்ததில்லை. ஆகவே அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

செஞ்சியில் இறங்கியதற்குப் பெரிய காரணம் இல்லை. பெங்களூரில் இருந்து திருவண்ணாமலை வழியாக வந்த பஸ் பஞ்சர் ஆனது. டீ குடிக்க இறங்கினேன். நெல் வந்து குவியும் மார்க்கெட் கமிட்டிக்குப் பின்னால், மெஸ்ஸில் சாப்பிட்டுப் போட்ட வாழையிலைகளை மூட்டையாகக் கட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை இலை எரியாமல் புகைந்தது. டீயைக் குடித்துவிட்டு அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் மாட்டி பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை.

இலை போய்ச் சோறாக வந்தது

ஊருக்கு வெளியே, ஓடாத ஒரு ரைஸ் மில்லின் பின்கட்டு கிடைத்தது. அதுதான் என் உரக் கொட்டகை. மேற்கே பார்த்தால் கோட்டை மலை. சாயங்காலம் மலையின் நிழல் என் குவியல்கள் மேல் விழும். வெயில் காலத்தில் அது ஒரு உதவி.

மூன்று பேர் என்னோடு சேர்ந்தார்கள். தளவானூரில் ஏகாம்பரம், நெல். அனந்தபுரத்தில் ஒருவர், கத்திரியும் வெண்டையும். பனமலை ஏரிக்கரையில் ஒருவர், கீரை. ஏற்பாடு எளிது. அவர்கள் வைக்கோலும் சாணமும் தருவார்கள். நான் ஊரின் ஈரக் குப்பையை அதோடு அடுக்கி உரமாக்கித் திருப்பித் தருவேன். அவர்கள் அரிசியும் காயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸுக்குப் போகும். மெஸ்ஸின் இலை என்னிடம் வரும். இன்றைக்கு வந்த எச்சில் இலை ஏழெட்டு மாதம் போனால் அதே மெஸ்ஸில் சோறாக இருக்கும்.

ஏகாம்பரம் லேசில் நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் அதே நிலத்தை உழுகிற குடும்பம். முதல் லோடை இறக்கியபோது ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாப்பா, சாம்பார் வாசனையே வரல?"

"வந்தா அது உரம் இல்லீங்க, சாம்பாரு."

சிரித்தார். அந்த போகம் யூரியாவைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த போகம் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்புழு வந்தது. கைபேசியில் படம் எடுத்து, டீக்கடையில் பேத்தியின் படத்தைக் காட்டுவது போல ஆளாளுக்குக் காட்டினார்.

மலர் அவருடைய கழனிக்கு நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவள். காலனியில் இருந்து, அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். மலருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மகள் நர்ஸிங் படித்துவிட்டு ஓசூரில் வேலை பார்த்தாள். "வேலைய விட்டுட்டு எங்கூட வாம்மா" என்று அவள் கூப்பிட, "உன் ரூம்ல நான் இன்னாத்த நடுவேன்?" என்பாள் மலர். நடவு இல்லாத நாட்களில், முக்கியமாக வெயில் மாதங்களில், அந்தப் பன்னிரண்டு பேரும் என் கொட்டகைக்கு வந்து குப்பை பிரிப்பார்கள். பிளாஸ்டிக், ஊக்கு, கரண்டி, பிளேடு எல்லாவற்றையும் கையால் பொறுக்கிப் போடுவார்கள். அவர்கள் கையில் தப்பியது என் சல்லடையில் நிற்கும்.

சல்லடை என்றால் பழைய இரும்புக் கட்டில். அதில் கம்பி வலை அடித்துச் சாய்த்து வைத்திருந்தேன். உரத்தை மண்வெட்டியால் அதன் மேல் வீசினால் பொடி கீழே போகும். மற்றது சரிந்து இந்தப் பக்கம் விழும். சரிந்து விழுந்ததில் கிடைத்தவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். ஒற்றைக் கம்மல், பொம்மையின் கை, சாவி, ஒரு பல்.

நடவுக் கழனியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. சேறு செருப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒன்று. சோறு போடுகிற இடம் என்பது இன்னொன்று. பன்னிரண்டு ஜோடிச் செருப்பும் வரப்பில் வரிசையாக இருக்கும். எனவே உரத்தில் என்ன இருக்கக் கூடாது என்பது எனக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜையன்று செஞ்சிக் கடைத்தெருவில் நடந்தால் கால் வழுக்கும். கடைக்குக் கடை பூசணிக்காய் உடைப்பார்கள். வெண்பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமமும் காசும் திணித்து, மேலே சூடம் ஏற்றி, கடையைச் சுற்றிவிட்டு நடுரோட்டில் போட்டு உடைப்பது. ஊரின் கண்ணெல்லாம் அந்தக் காயோடு போய்விடும் என்று கணக்கு. காசைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். காயின் மேல் மறுநாள் வரை வண்டிகள் ஏறி இறங்கும்.

அந்த வருடம் மறுநாள் காலையில் குப்பை வண்டிக்காரர்களிடம் சொல்லி, உடைந்த பூசணி முழுவதையும் என் கொட்டகைக்கே கொண்டுவரச் செய்தேன். ஆறு லோடு. பூசணியில் தண்ணீர்தான் அதிகம். காய்ந்த வைக்கோலோடு சேர்த்தால் குவியல் நன்றாக வேகும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளையும் சிவப்புமாக மலை போல் கிடந்தது.

வைக்கோல் வண்டியோடு வந்த ஏகாம்பரத்தின் மனைவி ருக்குமணி அதைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"இன்னா தம்பி இது? திருஷ்டி சுத்துன காயா?"

"ஆமாங்க. நல்ல ஈரம்."

"ஊரு கண்ண மொத்தமா வாரியாந்து எங்க கழனியில கொட்டப் போறியா? அதத் தாண்டக்கூட மாட்டோம், சுத்திக்கினு போவோம்."

"அறுபது நாள்ல எல்லாம் மண்ணாப் போயிடும்க்கா. கண்ணு மட்டும் எங்க இருக்கப் போவுது?"

பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள். "யக்கா, பூசணிக்கு ஏது கண்ணு? தேங்காய்க்குத்தான் மூணு கண்ணு." ருக்குமணி சிரிக்கவில்லை. அவர் வாயை அடைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். பூசணிக்காயைத் தட்டில் வைத்து எடுத்து வரவில்லை. ரோட்டில் இருந்து மண்வாரியால் வாரி வந்தார்கள். அதிகமாக உடைப்பது ஒர்க்‌ஷாப் தெருவில். லாரிப் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் இருக்கும் தெரு. அந்த ரோட்டில் வருடம் முழுக்க என்னென்ன உடைந்து கிடக்குமோ அத்தனையும் பூசணிச் சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சதைக்குள் கண்ணாடி தெரியாது. மலரும் மற்றவர்களும் மூன்று நாள் பொறுக்கினார்கள். ஒருத்திக்கு விரல் கிழிந்தது. "சல்லடை இருக்குதே" என்று சொன்னேன்.

நாற்று முற்றுகிறது

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையைச் செஞ்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கராபரணி கரையை மறந்து ஓடியது. குவியல்களின் மேல் தார்ப்பாய் போட்டேன். காற்று எடுத்துப்போனது. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. செத்த ஆளின் கையைத் தொட்டது போல ஜில்லென்று இருந்தது.

மழை விட்டபோது, மார்கழி-தை நடவான நவரைப் பட்டத்துக்கு ஏகாம்பரம் விட்டிருந்த நாற்று தயாராகி நின்றது. மூன்று நான்கு நாள் வெயில் காய்ந்த பிறகு உரத்தைச் சலிக்கத் தொடங்கினேன். ஈர உரம் வலையில் அப்பிக்கொண்டது. களி போல ஒட்டியது. ஒரு நாள் முழுக்கச் சலித்தும் அரை வண்டி நிரம்பவில்லை.

ஏகாம்பரம் டிராக்டரோடு வந்து நின்றார்.

"இன்னும் எத்தினி நாளு?"

"நல்லாக் காஞ்சா பத்து நாளு ஆவும்ங்க."

"பத்து நாளா? நாத்து முத்துதுப்பா. இப்பவே முட்டிக்கு வந்துடுச்சி. முத்துன நாத்த நட்டா தூரு கட்டாது. அப்படியே ஏத்து."

"சலிக்காமயா?"

"பொண்ணுங்கதான் பொறுக்கிப் போட்டாங்களே. இன்னும் இன்னாத்த சலிக்கிற? கழனியில உழுது மெதிச்சா எல்லாம் கரைஞ்சி போவும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வருடம் உரம் போகவில்லை என்றால் அவர் யூரியாவுக்கே போய்விடுவார், அவரைப் பார்த்து மற்ற இருவரும் போவார்கள் என்று பயந்தேன். கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். நானேதான் ஏற்றினேன். நான்கு நடை.

ஐந்தாம் நாள் நடவு. அன்றுதான் மலர் ஒற்றைக் காலில் நின்றாள்.

சுகர்

அன்று சாயங்காலம் வரை அவள் நட்டாள். வீட்டுக்குப் போய் மஞ்சள் வைத்துக் கட்டினாள். மறுநாளும் வந்தாள். நான்காம் நாள் பாதம் வீங்கியது. அவளுக்குச் சுகர் உண்டு. மாத்திரையும் உண்டு. நடவு நாட்களில் மாத்திரை போட்டால் பசிக்கிறது என்று நிறுத்தி வைத்திருந்தாள்.

என் மொபெட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோனேன். செஞ்சியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓசூரில் இருந்து மகள் வந்தாள். காலைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நர்ஸ் அல்லவா.

"எதுமா குத்துச்சி? எதுன்னு தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லலாம்."

"தெரியல. சேத்துல இன்னா தெரியும்?" என்றாள் மலர்.

நான் கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தேன். கண்ணாடி அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது. மகள் என்னைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா மாமா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். மிச்சத்தைக் காப்பாற்றியது அவர்கள்தான். ஆனால் முன்பாதம் இல்லாமல் சேற்றில் பின்னால் நடக்க முடியாது. நடவு என்பது நாள் முழுக்கக் குனிந்தபடி பின்னால் நடப்பது. மலருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதில் அவளுக்கு நிகராக அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

கழனிக்குச் சூடம்

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. திருஷ்டிப் பூசணி போட்ட கழனி ஒரு காலைக் கேட்டுவிட்டது என்று. ருக்குமணி கழனியின் நான்கு மூலையிலும் சூடம் ஏற்றி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார். கழனிக்குச் செய்தார்கள். காலனிக்குப் போய் அந்தக் காலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அனந்தபுரத்துக்காரர் போனில், "தப்பா நெனைக்காத. ஊட்டுல வேணாம்ங்கிறாங்க" என்றார். பனமலைக்காரர் போனையே எடுக்கவில்லை. மெஸ்காரர் இலைகளை மறுபடியும் எரிக்க ஆரம்பித்தார். அந்தப் புகையை இப்போது நான் வேறு மாதிரிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு விஷயம் ஆறவே இல்லை. கண்ணாடி என்று சொல்லி என்னை அடித்திருந்தால் அதற்கு வழி உண்டு. இன்னும் சின்னக் கண் வலை வாங்கலாம். ஒர்க்‌ஷாப் தெருக் குப்பையே வேண்டாம் எனலாம். மழைக்கு ஒரு கூரை போடலாம். திருஷ்டியை எந்த வலையில் சலிப்பது?

மலர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். தொகுப்பு வீட்டின் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஊர்ல இப்படிப் பேசிக்கிறாங்களே மலரு. யாரு கிளப்பி விட்டது?"

"நான்தான்."

கீரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ருக்குமணியக்கா ஆஸ்பத்திரிக்கு ஆளு அனுப்பிக் கேட்டாங்க. கழனியில இன்னா குத்துச்சின்னு. ஒண்ணும் குத்தல, தானா வெடிச்சிதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களே மீதியச் சொல்லிக்கினாங்க."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"கண்ணாடின்னா இன்னா ஆவும்? உன் கொட்டாய மூடுவாங்க. வெயில் காலத்துல எங்க பொண்ணுங்க எங்க போவும்? அதுவும் போவட்டும். யாரு பொறுக்குனதுன்னு கேப்பாங்க. நாங்கதான பொறுக்குனோம். எங்க கையத்தான் சொல்லுவாங்க."

"சலிக்காம ஏத்துனது நானு."

"அது எனக்குத் தெரியும்ண்ணா. கட்டிலு சொவுத்துல சாஞ்சி கெடந்ததப் பாத்துட்டுதான் அன்னைக்கு நடவுக்குப் போனேன்." முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "ஜோப்புல போட்டுக்கினியே, அத இன்னா பண்ண?"

பாட்டிலில் இருக்கிறது என்றேன். ஒற்றைக் கம்மலோடும் பொம்மைக் கையோடும்.

"கொட்டாயக் காப்பாத்தத்தான் சொன்னேன். அதுவே மூடிடுச்சி பாரு" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்தாள்.

ஏகாம்பரத்தின் கணக்கு

அங்கிருந்து கொட்டகைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்திடம் போனேன். களத்தில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கண்ணாடி, லாரி விளக்கு, சலிக்காமல் ஏற்றியது, எல்லாம். கையில் கொண்டுபோன பாட்டிலையும் காட்டினேன்.

குழாயை மூடாமல் கேட்டார். தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியும்ப்பா. நடவு முடிஞ்சி ரெண்டாம் நாளு தண்ணி பாய்ச்சப் போனேன். எனக்கும் ரெண்டு துண்டு தட்டுச்சி. எடுத்து வரப்புல வீசுனேன்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"அப்படியே ஏத்துன்னு சொன்னது யாரு? நான்தான. வெளிய சொன்னா நாளைக்கு ஒருத்தி எங்க கழனியில கால் வைப்பாளா? நடவுக்கு ஆளு கெடைக்கிறதே பெருசு. திருஷ்டின்னா சூடம் ஏத்துனாப் போச்சி. அடுத்த போகம் இறங்குவாங்க."

"மலருக்கு?"

டிராக்டரின் மறுபக்கம் போய்க் கழுவத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவர் இரண்டு துண்டை வரப்பில் வீசினார். நான் ஒரு துண்டைப் பாட்டிலில் போட்டேன். டீக்கடையில் நின்று சத்தமாகச் சொல்லலாம் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன். டீக்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். காலி டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏகாம்பரம் சொன்னபடியே நடந்தது. அடுத்த போகம் பெண்கள் இறங்கினார்கள். பன்னிரண்டு பேருக்குப் பதில் பதினொருவர். யூரியா மூட்டைகள் வரப்பில் அடுக்கியிருந்தன.

மேட்டில் காய்த்தது

கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ரைஸ் மில் ஒன்றில் மூட்டை தைக்கிற வேலை. ஆவணியில் ஒரு நாள் சல்லடைக் கட்டிலையாவது எடுத்து வரலாம் என்று போனேன்.

மீந்து கிடந்த குவியலின் மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. அந்தத் திருஷ்டிப் பூசணியின் விதைகள்தான். ஒழுங்காக வெந்த குவியலில் விதை பிழைக்காது. சூட்டிலேயே செத்துவிடும். நான் செய்த உரம் உரமே இல்லை என்பதற்கு அந்தக் கொடி போதும். இலையை விலக்கிப் பார்த்தேன். காய்கள். சாம்பல் பூத்த பெரிய காய்கள். இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மலர் அப்போது ஒர்க்‌ஷாப் தெரு முனையில், ஒரு பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கீரையும் வாழையிலையும் விற்கத் தொடங்கியிருந்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காய்களை அறுத்து, இரண்டு நடையாக அவளிடம் கொண்டுபோய் இறக்கினேன்.

"எங்க காச்சுது?" என்றாள்.

"நம்ம மேட்டுல."

ஒரு காயின் சாம்பலை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இத ஒடச்சா திருஷ்டி போவுமா, வருமாண்ணா?"

மறுநாள் நானும் அவளோடு இருந்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. கடைசிக் காயை எதிர்ப் பட்டறைக்காரன் பாபு வாங்கினான். புதுச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனம். ஓட்டை போட்டுக் குங்குமமும் காசும் கொட்டி, சூடம் ஏற்றி, கழற்றிப் போட்டிருந்த லாரியைச் சுற்றினான். ரோட்டுக்கு நடுவில் வந்து காயைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"தம்பி, கொஞ்சம் இரு" என்று மலர் கத்தினாள்.

பாபு தூக்கிய கையோடு திரும்பினான். "இன்னாக்கா?"

"ரோட்டுல கண்ணாடி கெடக்குதா பாத்துட்டு ஒடை."

கண்ணாடி என்ற சொல் அவள் வாயில் இருந்து வெளியாட்கள் முன்னால் வந்து நான் கேட்டது அன்றுதான். தெருவில் இருந்த ஒருவருக்கும் அது ஒன்றுமில்லாத வார்த்தை.

"ஒடைக்கிறதே ரோட்டுலதான். அதுல இன்னாத்தப் பாக்குறது?" என்று சிரித்துக்கொண்டே பாபு காயைப் போட்டான்.

வெள்ளைச் சதை டிரே வரைக்கும் தெறித்தது. பிள்ளைகள் காசுக்கு ஓடினார்கள், வெறுங்காலோடு. மலர் பாதி இல்லாத காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் பட்டறையின் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். சிவந்த சதைக்கு நடுவில் ஏற்கெனவே நான்கைந்து இடத்தில் கண்ணாடி மின்னியது.